டாக்டர் “நமக்கும் ஒரு பேஜ் ஆரம்பிப்பா” என்று சொல்லிவிட்டாரா? இப்படித் தொடங்குங்கள்

ஊருக்குள் முப்பது படுக்கை உள்ள ஆஸ்பத்திரி. டாக்டர் ஒரு கல்யாண வீட்டுக்குப் போன இடத்தில், பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி ரீல்ஸ் போடுவதை யாரோ போனில் காட்டிவிட்டார்கள். மறுநாள் ரவுண்ட்ஸ் முடிந்த கையோடு “நமக்கும் ஒரு பேஜ் ஆரம்பிச்சிடுப்பா” என்று, கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரிந்த ஆளாகப் பார்த்துச் சொல்லிவிட்டு ஓபிக்குப் போய்விட்டார். அந்தக் கம்ப்யூட்டர் தெரிந்த ஆளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் பில்லிங்கில் உட்கார்ந்திருப்பவராக இருக்கலாம், பிஆர்ஓவாக இருக்கலாம், டாக்டரின் மருமகனாகக்கூட இருக்கலாம். நானும் அப்படி மாட்டிக்கொண்டவன்தான்.

பெரிய ஆஸ்பத்திரிகள் இதை எப்போதோ ஆரம்பித்துவிட்டன. 2009-லேயே அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனைக்காரர்கள் ஒரு அறுவை சிகிச்சையை, அது நடக்க நடக்க ட்விட்டரில் எழுதினார்கள். அங்கேயே இன்னொரு பெரிய மருத்துவமனையான மேயோ கிளினிக் 2010-ல் சமூக ஊடகத்துக்கென்றே தனி மையம் திறந்தது. நம் ஊரில் பலருக்கு இதன் அருமை புரிந்தது 2021 மே மாதத்தில்தான், கொரோனா இரண்டாம் அலையில், ஆக்சிஜன் படுக்கைக்காக ஊரே ட்விட்டரில் கதறிக்கொண்டிருந்தபோது. தமிழக அரசே அதற்கென ஒரு ட்விட்டர் கணக்கு திறந்து, கேட்டவர்களுக்கு எங்கே படுக்கை காலியாக இருக்கிறது என்று பார்த்துச் சொன்னது. அங்கே யாரும் ரீல்ஸ் பார்க்க வரவில்லை. கேட்டால் பதில் வரும் என்றுதான் வந்தார்கள். உங்கள் முப்பது படுக்கை ஆஸ்பத்திரிக்கும் அதே கணக்குதான்.

படி 1: பதில் சொல்லப் போவது யார்?

பேஜ் திறக்கும் முன் இதை முடிவு செய்யுங்கள். பேஜ் என்பது ரோட்டோரம் கட்டும் ஃப்ளெக்ஸ் மாதிரி இல்லை, ரிசப்ஷனில் இன்னொரு கவுண்டர் திறக்கிற மாதிரி. கவுண்டர் திறந்துவிட்டு ஆள் போடாவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். காலை ஒருவர், மாலை ஒருவர், ஞாயிற்றுக்கிழமை யார் என்று பெயர் எழுதி டாக்டரிடம் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்து எதற்கு என்றால், மூன்றாம் மாதம் “பேஜ் பார்க்கிற நேரத்துல பில் போடலாமே” என்று யாராவது கேட்பார்கள், அதற்குத்தான். ஆள் இல்லையா, படி 2-ஐ மட்டும் செய்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள், தப்பே இல்லை.

படி 2: முதலில் கூகுள் மேப்

எல்லோரும் இன்ஸ்டாகிராமில் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் யாரும் இன்ஸ்டாகிராமில் தேட மாட்டார்கள், கூகுளில்தான் தேடுவார்கள். மேப்பில் உங்கள் ஆஸ்பத்திரி பெயரைப் போட்டுப் பாருங்கள், நீங்கள் சேர்க்காமலே யாரோ சேர்த்திருப்பார்கள், பெரும்பாலும் பழைய நம்பரோடு. அதில் “இந்த வணிகம் உங்களுடையதா” என்று கேட்கும் இடத்தை அழுத்தி உரிமை கோருங்கள். இப்போதெல்லாம் சரிபார்ப்பதற்கு வீடியோ கேட்கிறது: தெரு, பெயர்ப் பலகை, உள்ளே இருக்கும் சாமான்கள், நீங்கள் அங்கே வேலை செய்பவர் என்று காட்டும் ஏதோ ஒன்று, எல்லாம் வெட்டாமல் ஒரே ஓட்டமாக. ஓபி நேரம் முடிந்து ஆள் நடமாட்டம் குறைந்தபின் எடுங்கள், இல்லாவிட்டால் காத்திருக்கும் நோயாளிகளின் முகமெல்லாம் அதில் விழும்.

நேரம் போடும்போது கவனம். கேஷுவாலிட்டி ராத்திரியும் உண்டு என்பதால் “24 மணி நேரம்” என்று போட்டுவிட்டு, தோல் டாக்டரைப் பார்க்க ராத்திரி பத்தரைக்கு ஆட்டோ பிடித்து வந்தவரிடம் நான் திட்டு வாங்கியிருக்கிறேன். எந்த டாக்டர் எந்தக் கிழமை என்பதைக் குறிப்புப் பகுதியில் தனியாக எழுதுங்கள். பொங்கல், தீபாவளிக்கு விடுமுறை நேரம் போட வசதி இருக்கிறது, அதையும் நிரப்புங்கள்.

படி 3: வாட்ஸ்அப் பிசினஸ்

ஆஸ்பத்திரிக்கென்று தனி சிம் வாங்குங்கள். யாருடைய சொந்த நம்பரும் வேண்டாம். ஆப் இலவசம், ஒரே கணக்கில் நான்கு கருவிகள்வரை கூடுதலாக இணைக்கலாம் என்பதால் ரிசப்ஷன் கம்ப்யூட்டரிலும் திறந்து வைக்கலாம். உள்ளே போனால் இல்லாத நேரத்துச் செய்தி, விரைவுப் பதில், லேபிள் என்று இருக்கும். ஆள் இல்லாத நேரத்தில் தானாகப் போகும் அந்த இல்லாத நேரத்துச் செய்திதான் முக்கியம். எங்கள் செய்தி இது, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

“வணக்கம். இந்த எண்ணில் காலை 8 முதல் இரவு 8 வரை பதில் கிடைக்கும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், விபத்து, வலிப்பு, பாம்புக்கடி என்றால் இங்கே பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே 108-க்கு அழையுங்கள்.”

விரைவுப் பதிலில் தினமும் வரும் கேள்விகளைப் போட்டு வையுங்கள். “டாக்டர் இருக்காரா”, “டோக்கன் எப்போ போடணும்”, “காப்பீட்டுத் திட்ட அட்டை எடுப்பீங்களா”, “வயித்து ஸ்கேனுக்கு எவ்ளோ”. நூற்றுக்குத் தொண்ணூறு கேள்வி இதற்குள் அடங்கிவிடும்.

ரிப்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்பி, “இதுக்கு என்ன மாத்திரை” என்றும் கேட்பார்கள். அதற்கு நீங்களும் பதில் சொல்லக் கூடாது, ரிசப்ஷன் அக்காவும் சொல்லக் கூடாது, ‘டோலோ போடுங்க’ என்றுகூட. 2020 மார்ச் 25-ல் வந்த டெலிமெடிசின் (நேரில் பார்க்காமல் தொலைவிலிருந்து வைத்தியம் பார்ப்பது) வழிகாட்டுதலின்படி வாட்ஸ்அப் வழியாகவும் வைத்தியம் பார்க்கலாம்தான், ஆனால் பார்ப்பவர் பதிவு பெற்ற மருத்துவராக இருக்க வேண்டும், தன் பதிவு எண்ணைக் காட்ட வேண்டும், பார்த்ததற்குப் பதிவேடு வைக்க வேண்டும். அதற்குத் தனியாக நேரம் ஒதுக்கித் தனி ஏற்பாடு செய்ய வேண்டும், இந்த நம்பரோடு கலக்க வேண்டாம்.

லேப் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால், பதிவு செய்யும்போதே “எந்த நம்பருக்கு அனுப்பலாம்” என்று நோயாளியிடமே கேளுங்கள். பதிவேட்டில் இருக்கும் நம்பர் பல நேரம் அண்ணனுடையதாகவோ மாமனாருடையதாகவோ இருக்கும், எல்லா ரிப்போர்ட்டும் அவர்கள் பார்க்க வேண்டியது இல்லை. அப்புறம், ஒரே பெயரில் ஊரில் பத்துப் பேர் இருப்பார்கள். நான் ஒருமுறை பெயரை மட்டும் பார்த்து வேறு ஆளுக்கு ஸ்கேன் ரிப்போர்ட் அனுப்பிவிட்டேன். இப்போதெல்லாம் பதிவு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைச் சரிபார்க்காமல் கை நகராது.

படி 4: ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும்

பேஜ் திறப்பது பத்து நிமிட வேலை, பெயர், வகை, முகவரி, முகப்புப் படம், முடிந்தது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பேஜ் எப்போதும் யாரோ ஒருவரின் சொந்தக் கணக்கிலிருந்துதான் திறக்கப்படும். அந்த ஒருவர் வேலையை விட்டுப் போனால் பேஜும் அவரோடு போய்விடும். எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் நாலாயிரம் பேர் தொடர்ந்த பக்கம், சம்பளத் தகராறில் விலகிப் போன பையனின் கையில் மாட்டிக்கொண்டு, அவன் போன் நம்பரையும் மாற்றிவிட, கடைசியில் புதிதாக ஒரு பேஜ் திறக்க வேண்டியதாயிற்று. பழையதும் இன்னும் அப்படியே கிடக்கிறது, மூடிப்போன பழைய லேண்ட்லைன் நம்பரோடு.

அதனால் திறந்த அன்றே, பக்கத்தின் அமைப்புகளுக்குள் போய் டாக்டர் உட்பட இரண்டு பேருக்காவது முழு அனுமதி கொடுங்கள். பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டாதீர்கள் (ஒட்டியிருக்கிறார்கள்). எல்லோருக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்பது) இயக்குங்கள். இன்னொன்று, “உங்கள் பக்கம் 24 மணி நேரத்தில் நீக்கப்படும், இங்கே அழுத்துங்கள்” என்று ஃபேஸ்புக் பெயரிலேயே மெசேஜ் வரும். அது திருட்டு. அழுத்த வேண்டாம்.

படி 5: படம் எடுக்கும் முன்

மே 12, செவிலியர் தினம். சிஸ்டர்கள் எல்லோரும் வார்டு நுழைவாயிலில் கேக்கோடு நிற்க நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துப் போட்டேன். லைக்குகள் கொட்டின. இரண்டு மணி நேரம் கழித்து ஒருவர் போன் செய்து, “எங்க அத்தை பேரு பின்னாடி தெரியுதே தம்பி” என்றார். பெரிதாக்கிப் பார்த்தால், சிஸ்டர்களின் தலைக்கு மேலே வார்டின் வெள்ளைப் பலகை: படுக்கை எண், பெயர், வயது, என்ன நோய், எல்லாம் கொட்டை எழுத்தில். உடனே நீக்கினேன், ஆனால் அதற்குள் அது மூன்று குடும்பக் குழுக்களுக்குப் போய்விட்டது. மேயோ கிளினிக்கில் ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் சமூக ஊடக விதி மொத்தமே பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள், தமிழில் எட்டுக்குள் முடிகிறது: பொய் சொல்லாதே, துருவாதே, ஏமாற்றாதே, அழிக்க முடியாது, திருடாதே, வெளியிடாதே. நடுவில் இருக்கும் அந்த ‘அழிக்க முடியாது’ எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

எனவே போடும் முன் படத்தைப் பெரிதாக்கி, மூலை மூலையாகப் பாருங்கள். பலகை, கேஸ் ஷீட், கையில் கட்டிய பட்டை, எக்ஸ்ரேயின் ஓரத்தில் இருக்கும் பெயர், மானிட்டர் திரை, கண்ணாடியில் தெரியும் முகம். முகத்தை மட்டும் மங்கலாக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள், சின்ன ஊரில் கையில் பச்சை குத்தியிருப்பதை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

நோயாளியை வைத்துப் படம் எடுப்பதாக இருந்தால் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். ஆளை அடையாளம் காட்டும் படத்தை அனுமதி இல்லாமல் வெளியிடக் கூடாது என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது. அட்மிஷன் படிவங்களோடு இதையும் ஒன்றாகச் சொருகி “இங்க இங்க கையெழுத்து” என்று வாங்குவது சம்மதம் ஆகாது என்பது என் கட்சி. ஆபரேஷனுக்கு முன் கேட்டால் யார் மாட்டேன் என்பார்கள்? பில் கட்டி, டிஸ்சார்ஜ் ஆகி, செருப்பு மாட்டும் நேரத்தில் கேளுங்கள். அப்போது சொல்லும் ‘சரி’தான் சரி. எங்கள் படிவத்தில் இரண்டே வரி: “என் படத்தை இந்த மருத்துவமனையின் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் பக்கங்களில் வெளியிடச் சம்மதிக்கிறேன். சம்மதிக்காவிட்டாலும் என் சிகிச்சை மாறாது என்றும், பிறகு நீக்கச் சொல்லலாம் என்றும் எனக்குச் சொன்னார்கள்.” படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

ஊழியர்களின் சொந்த ரீல்ஸுக்கும் ஒரு விதி வேண்டும்: நோயாளி இருக்கும் இடத்தில் போனைத் தூக்கக் கூடாது. 2024 பிப்ரவரியில் கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில் ஓர் ஒப்பந்த மருத்துவர் ஆபரேஷன் தியேட்டருக்குள் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோஷூட் நடத்தி வேலையை இழந்தார். சொல்லிவைத்தால் பயப்படுகிறவர்கள் பயப்படுவார்கள்.

படி 6: என்ன போடுவது

வாரத்துக்கு இரண்டு போதும். பண்டிகை வாழ்த்துப் படங்களைக் குறையுங்கள், டாக்டர் கேட்பார், வருடத்துக்கு மூன்று நான்கு போட்டுச் சமாளியுங்கள். ரிசப்ஷனில் ஒரு நாள் உட்கார்ந்து கேளுங்கள், விஷயம் அங்கேயே கிடைக்கும். எங்கள் பக்கத்தில் அதிகம் பேர் பார்த்தது லேப் டெக்னீஷியன் பேசிய நாற்பது விநாடி வீடியோ: “வெறும் வயிறுன்னா காபி கூடவா கூடாது?” கூடாது, எட்டு மணி நேரம், தண்ணீர் மட்டும் குடிக்கலாம். அவ்வளவுதான் மொத்த வீடியோவும். போனை நிமிர்த்திப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில், ஃபேனை நிறுத்திவிட்டு எடுத்தது. மழைக்காலம் தொடங்கினால் டெங்கு பற்றி, அப்புறம் வயிற்று ஸ்கேனுக்கு எப்படித் தயாராக வருவது, பாம்பு கடித்தால் ஏன் கட்டுப் போடவோ கீறவோ கூடாது என்று போய்க்கொண்டே இருக்கலாம். டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் மருத்துவ விஷயம் எதையும் போடாதீர்கள்.

போடக் கூடாதவை பற்றியும் சொல்லிவிடுகிறேன். டாக்டர்கள் ஆள் பிடிக்கிற மாதிரி விளம்பரம் செய்வதை 2002 விதிகள் அனுமதிப்பதில்லை. புதிதாகப் பிராக்டீஸ் தொடங்கியது, இடம் மாறியது, கட்டணம் என்று சிலவற்றை மட்டும் முறையாக அறிவிக்கலாம். 2023 ஆகஸ்டில் சமூக ஊடகத்துக்கென்றே தனிப் பகுதியோடு புதிய விதிகள் வந்தன, அந்த மாதமே நிறுத்தியும் வைத்துவிட்டார்கள். “சர்க்கரை நோய் அடியோடு குணமாகும்” என்று போட்டால் அது மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாட்டும். மகப்பேறு ஆஸ்பத்திரி என்றால் “பையனா, பொண்ணா, கெஸ் பண்ணுங்க” என்று விளையாட்டுக்குக்கூட ஸ்கேன் படம் போடாதீர்கள், கருவின் பாலினம் பற்றிய சட்டத்தில் அதிகாரிகள் விளையாட்டைப் பார்க்க மாட்டார்கள்.

படி 7: ஒற்றை ஸ்டார் வந்தால்

வரும். “ரெண்டு மணி நேரம் உக்கார வச்சாங்க, டாக்டர் ரெண்டு நிமிஷம் கூட பாக்கல” என்று வரும், பாதி நேரம் அது உண்மையாகவும் இருக்கும். டாக்டருக்குக் கோபம் வந்து, “அந்தாளு சுகர் 380-ல வந்தாரு, சொன்ன மாத்திரையைச் சாப்பிடல, அதை எழுது” என்பார். எழுதாதீர்கள். எழுதினால் அவருடைய நோயை நீங்களே ஊருக்குச் சொன்னதாகிவிடும். 2019-ல் அமெரிக்காவில் டல்லஸ் நகரத்தின் ஒரு பல் மருத்துவமனை, இணையத்தில் வந்த குறைக்குப் பதில் எழுதும்போது நோயாளியின் விவரத்தைச் சொல்லி 10,000 டாலர் கட்டியது. அவர் உங்களிடம் வைத்தியம் பார்த்தார் என்று ஒப்புக்கொள்வதே ஒரு தகவல்தான்.

நான் எழுதுவது இவ்வளவுதான்: “காத்திருக்க வேண்டியிருந்தது என்று சொல்லியிருக்கிறீர்கள், வருந்துகிறோம். யாருடைய சிகிச்சை பற்றியும் நாங்கள் பொதுவில் பேசுவதில்லை. நிர்வாகியிடம் நேரில் பேச இந்த எண்ணுக்கு அழையுங்கள்.” எழுதியபின் உண்மையிலேயே அந்த நம்பரை யாராவது எடுக்க வேண்டும், அதையும் பாருங்கள். ஐந்து ஸ்டார் போட்டால் பில்லில் தள்ளுபடி என்ற யோசனையை யாராவது கொண்டுவருவார்கள். கூகுள் விதிப்படி அது கூடாது, பிடித்தால் நல்ல கருத்துகளும் சேர்ந்து போய்விடும்.

படி 8: வேலை செய்கிறதா என்று பார்ப்பது

மாதக் கடைசியில் டாக்டர் “எத்தனை லைக்?” என்பார். சொல்லுங்கள், சந்தோஷப்படட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: வாட்ஸ்அப்பில் வந்த கேள்விக்கு எவ்வளவு நேரத்தில் பதில் போனது, “டாக்டர் இருக்காரா” என்று போன் வருவது குறைந்திருக்கிறதா. அதோடு ரிசப்ஷனில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்து, புதிதாக வருபவரிடம் “எங்களைப் பத்தி எப்படித் தெரிஞ்சுது” என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். எங்கள் நோட்டில் முதல் வாரம் கூகுள் ஒன்பது, ஃபேஸ்புக் ஒன்று, “எதிர் டீக்கடை அண்ணன் சொன்னாரு” பதினான்கு. அதிலிருந்து டாக்டர் லீவு என்றால் வாட்ஸ்அப்பில் முதல் தகவல் டீக்கடை அண்ணனுக்குத்தான் போகிறது.