உணவுத் திருவிழாவுக்கு முதல் தடவை போகிறீர்களா? பர்ஸைத் திறக்கும் முன் ஒரு சுற்று!

என் முதல் உணவுத் திருவிழாவில் நான் சாப்பிட்டது பிரியாணி மட்டும்தான். பூங்கா வாசலைத் தாண்டியதும் முதல் கடையே அதுதான். வாசம் இழுத்தது, முழு பிளேட் வாங்கி நின்றபடியே முடித்தேன். அப்புறம் உள்ளே போனால் ராகிக் களி, சாமைப் பொங்கல், கொள்ளு ரசம், மீன் வறுவல் என்று வரிசையாகக் கடைகள். வயிற்றில் ஒரு வாய்க்குக் கூட இடமில்லை. கிருஷ்ணகிரியில் பிரியாணிக்காக யாராவது திருவிழாவுக்குப் போவார்களா? பஸ் ஸ்டாண்டில் இறங்கி நாலு எட்டு வைத்தால் கிடைத்துவிடும்.

அன்றைக்குப் பட்ட வயிற்றெரிச்சலில் தொடங்கி, வருஷா வருஷம் போய்ப் பழகியதைப் படிப்படியாக எழுதுகிறேன். எங்கள் பக்கம் இது பல பெயரில் நடக்கும். ஒரு தடவை மகளிர் குழுக்களின் பாரம்பரிய உணவுத் திருவிழா என்பார்கள், இன்னொரு தடவை சிறுதானியத் திருவிழா. ஜூன், ஜூலை வாக்கில் கிருஷ்ணகிரியில் நடக்கும் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சியிலும் ஓரமாகத் தீனிக் கடைகள் களைகட்டும். பெயர் எதுவானாலும் போகிற முறை ஒன்றுதான்.

படி 1: நாளையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள்

இரண்டு மூன்று நாள் நடக்கிற விழா என்றால் ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடுங்கள். அன்றைக்குக் கூட்டத்தின் முதுகைத்தான் பார்க்க முடியும். வேலை நாளில் சாயந்திரம் நாலரை, ஐந்து மணிக்குள் உள்ளே நுழைந்துவிட்டால் நல்லது. கடைக்காரர்கள் அப்போதுதான் சாயந்திரத்துக்கான முதல் அடுப்பைப் பற்ற வைத்திருப்பார்கள், மதியம் செய்ததைச் சூடு பண்ணித் தள்ளுகிற வேலை குறைவு. இன்னொரு காரணமும் உண்டு. பகல் வெளிச்சத்தில் எண்ணெயின் நிறம் தெரியும். சீரியல் லைட் போட்ட பிறகு எல்லா எண்ணெயும் தங்கம் மாதிரித்தான் மின்னும்.

மழையைக் கணக்கில் வையுங்கள். நம் ஊரில் மே மாதமே சாயந்திர இடி மழை ஆரம்பித்துவிடும், செப்டம்பர், அக்டோபரில் கேட்கவே வேண்டாம். ஐந்து மணிக்கு மேற்கே கருத்தால் ஆறரைக்குள் பந்தல் ஒழுகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடை கட்டாயம்.

படி 2: பையில் என்ன இருக்க வேண்டும்

சில்லறை. இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். எல்லாக் கடையிலும் ஜிபே ஸ்கேனர் தொங்கும், ஆனால் ஒரே பூங்காவில் ஆயிரம் பேர் செல்போனை நோண்டினால் நெட்வொர்க் படுத்துவிடும். சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், களி ஆறிக்கொண்டே இருக்கும். பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாக எடுத்துப் போனால் நீங்கள்தான் ராஜா.

வீட்டுத் தண்ணீர் பாட்டில், மூடி இறுக்கமான இரண்டு டிபன் டப்பா, ஒரு சின்னத் துண்டு, ஒரு மஞ்சப்பை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால், நல்ல திருவிழாக்களில் பாக்குமட்டைத் தட்டும் மந்தாரை இலையும்தான் தருவார்கள். பார்சல் என்றால் தடுமாறுவார்கள். டப்பா நீட்டுகிறவருக்குக் கரண்டி கொஞ்சம் தாராளமாகவே விழும், இது என் அனுபவம். புல்லில் உட்கார ஒரு பழைய போர்வையும் இருந்தால் வீட்டுப் பெரியவர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

காலையிலிருந்து பட்டினி கிடந்து போகாதீர்கள். பசித்த கண்ணுக்கு எல்லாக் கடையும் ஒன்றுதான்.

படி 3: ஒரு முழுச் சுற்று, கையைக் கட்டிக்கொண்டு

உள்ளே போனதும் எதையும் வாங்காமல் கடைசிக் கடை வரை நடந்து திரும்பி வாருங்கள். பதினைந்து நிமிஷம் ஆகும். பிள்ளைகள் கூட இருந்தால் ஆளுக்கொரு கடலை மிட்டாய் கொடுத்து வாயை அடைத்துவிடலாம். இந்தச் சுற்றில் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: மற்ற நாளில் எங்கேயும் கிடைக்காத பண்டம் எந்தக் கடையில் இருக்கிறது? நூடுல்ஸ், கோபி 65, பானிபூரி எல்லாம் நாளைக்கும் தெருமுனையில் இருக்கும். புளிச்சக்கீரைக் கடைசல், சாமைச் சோறு, கம்பங்கூழ், கொள்ளுக் கடைசல், ஒப்பட்டு (போளி), நிப்பட்டு (தட்டை), இதெல்லாம்தான் உங்கள் பட்டியலில் ஏற வேண்டியவை. மார்கழி, தை என்றால் பிதுக்கம்பருப்புக் குழம்பு வைத்திருக்கிறார்களா என்று தனியாக விசாரியுங்கள். பச்சை அவரைக்கொட்டையை ஊறவைத்து, ஒவ்வொன்றாகத் தோல் பிதுக்கி எடுத்து வைக்கிற குழம்பு. அந்தப் பொறுமை ஓட்டலுக்கு வராது.

டோக்கன் முறை என்றால் ஒரு எச்சரிக்கை. முதலிலேயே ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கிவிடாதீர்கள். நான் ஒரு விழாவில் அப்படி வாங்கி, நூற்றிருபது ரூபாய் டோக்கன் மிச்சமாகி, கவுண்டருக்குப் போனால் "திரும்ப வாங்கறதில்லைங்க" என்று கையை விரித்துவிட்டார்கள். அந்த டோக்கன் இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. நூறு நூறாக வாங்குங்கள்.

படி 4: கடையை நோட்டம் விடுவது எப்படி

என் அம்மாவிடம் கற்றது இது. அவர் பெயர்ப் பலகையைப் பார்க்கவே மாட்டார், நேராகக் கடையின் பின்பக்கம் போய்விடுவார். அங்கே பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எப்படி இருக்கிறது, வெங்காயம் எங்கே நறுக்குகிறார்கள், ஈ எங்கே மொய்க்கிறது என்று பார்த்துவிட்டு வந்து, "வேணாம்" அல்லது "சரி" என்று ஒரே வார்த்தை.

பின்பக்கம் போக முடியாவிட்டால் முன்னாலிருந்தே சிலதைக் கவனிக்கலாம். வடைச்சட்டியில் எண்ணெய் கருத்து, நுரை கட்டி, பக்கத்தில் நின்றாலே கண் எரிகிறதா? நகருங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சினால், எண்ணெய் சிதைந்து உண்டாகும் போலார் சேர்மங்கள் அதில் கூடிக்கொண்டே போகும். அது 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. நம்மிடம் கருவி ஏது, மூக்குதான். வறுவலைத் தொட்ட விரல் சிவந்துபோனால் அது மிளகாய்த்தூளா, சாயமா என்று சந்தேகப்படுங்கள். கண்ணைப் பறிக்கும் ரோஸ் நிறப் பஞ்சுமிட்டாயும் அப்படித்தான். அதில் ரோடமின்-பி என்ற துணிச் சாயம் இருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் அதற்குத் தடை வந்தது. வாயிலிருந்து புகை விடுகிற 'ஸ்மோக் பிஸ்கட்' கடையில் பிள்ளைகள் அடம் பிடிப்பார்கள். அந்தப் புகை திரவ நைட்ரஜனிலிருந்து வருவது, அதன் கொதிநிலையே மைனஸ் 196 டிகிரி. முழுதாக ஆவியாகாமல் வயிற்றுக்குள் போனால் குடலையே புண்ணாக்கும். பிள்ளை அழுதாலும் பரவாயில்லை, இழுத்துக்கொண்டு போங்கள்.

எண்ணெய் வடியும் வடையைச் செய்தித்தாளில் மடித்துத் தந்தால் வேண்டாம் என்று சொல்லி இலை கேளுங்கள், அச்சு மை எண்ணெயில் கரையும். தேங்காய்ச் சட்னிக்கு நான் தனிச் சட்டமே வைத்திருக்கிறேன். வெயிலில் அண்டாவில் திறந்து கிடக்கும் தேங்காய்ச் சட்னியைத் தொடமாட்டேன். ஒரு தடவை தொட்டேன், இரண்டு நாள் லீவு போட்டேன். சமைத்த பண்டம் 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். நடுவில் வெதுவெதுப்பாக இரண்டு மணி நேரம் கிடந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். சித்திரை வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம். அதனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்.

"அக்கா, களி எப்பக் கிண்டினது?"

"இப்பதான் இறக்கினேன் கண்ணு. சட்டியத் தொட்டுப் பாரு, கை சுடும்."

இந்தப் பதில் வந்தால் உட்கார்ந்துவிடலாம். "காலையிலங்க" என்றாலும் அந்த உண்மைக்கு நன்றி சொல்லிவிட்டு நகரலாம். "நல்லாத்தான் இருக்கும்" என்று மழுப்பினால் பேச்சே வேண்டாம்.

படி 5: எதை முதலில், எதைக் கடைசியில்

நாலு பேர் போனால் ஒரு பிளேட் வாங்கி நாலு பேரும் எடுத்துக்கொள்வதுதான் திருவிழாவில் சாப்பிடும் முறை. கௌரவம் பார்த்து ஆளுக்கொரு பிளேட் வாங்கினால் இரண்டாவது கடையிலேயே கதை முடிந்தது. ரசம், கூழ் மாதிரித் தண்ணியானவை முதலில், பொரித்தது நடுவில், களி அதற்குப் பிறகு, இனிப்பு கடைசியில். களியை முதலில் சாப்பிட்டுவிடாதீர்கள். ஒரு உருண்டை உள்ளே இறங்கினால் ராத்திரி வரை பசி எட்டிப் பார்க்காது.

களி சாப்பிட்டுப் பழகாதவர்களுக்கு இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியூர் நண்பர்கள் எல்லோரும் தடுமாறுவது இதில்தான். ஸ்பூனை உள்ளே வையுங்கள். கையை நனைத்துக்கொண்டு, உருண்டையின் ஓரத்திலிருந்து நெல்லிக்காய் அளவுக்குக் கிள்ளுங்கள். கட்டைவிரலால் நடுவில் ஒரு குழி அமுக்கி, அந்தக் குழியில் குழம்பை அள்ளுங்கள். வாயில் போட்டதும் மெல்லக் கூடாது. மென்றால் பல்லில் ஒட்டி, பசை தின்ற மாதிரி இருக்கும். நாக்கால் ஒரு புரட்டுப் புரட்டி அப்படியே விழுங்க வேண்டும். முதல் வாய் தொண்டையில் நின்று யோசிக்கும், மூன்றாவது வாய்க்குப் பழகிவிடும். எங்கள் ஊரில் இதையே தெலுங்கு பேசுகிறவர்கள் சங்கடி என்பார்கள், கன்னடம் பேசுகிறவர்கள் முத்தே என்பார்கள். எந்த மொழியில் கேட்டாலும் மெல்லாமல் விழுங்கச் சொல்லித்தான் கற்றுத் தருவார்கள்.

நல்ல களியா என்று பார்க்க, கிள்ளிய இடத்தைக் கவனியுங்கள். வெள்ளையாக மாவுத் திட்டு தெரிந்தால் கட்டி தட்டிவிட்டது, உள்ளே வேகவில்லை. நொய் அரிசியை முதலில் குழைய வேகவிட்டு, அதன் மேல் ராகி மாவைக் கொட்டி, துடுப்பால் விடாமல் கிண்டி எடுப்பது நம் பக்கத்துக் கைப்பக்குவம். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். தோள்பட்டை வலிக்காமல் நல்ல களி கிண்ட முடியாது. நாற்பது ரூபாய்க்கு அந்த உருண்டை கிடைத்தால் பேரம் பேசாதீர்கள்.

சர்க்கரை நோய் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் களியும் மாவுச்சத்துதான், "சிறுதானியம்தானே" என்று இரண்டு உருண்டை உள்ளே தள்ளினால் மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். அரை உருண்டை, நிறையக் கீரைக் கடைசல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மீன் வறுவல் கடையில் கிருஷ்ணகிரி அணை மீன் என்று எழுதியிருப்பார்கள். ஜிலேபி, கட்லா, ரோகு இருக்கும். பொரித்து அடுக்கி வைத்ததைத் தொடாமல், மசாலா தடவி வைத்திருக்கும் துண்டைக் காட்டி, கண்ணெதிரே போடச் சொல்லுங்கள். ஜிலேபி மீன் மெல்லியது, சீக்கிரம் மொறுமொறுப்பாகும், முள்ளும் குறைவு, பிள்ளைகளுக்கு அதுவே போதும்.

படி 6: மாம்பழம் வாங்கும்போது

சீசனில் போனால் மாம்பழம் வாங்காமல் திரும்ப மனசு வராது. பெங்களூரா என்று நாம் சொல்கிற கிளிமூக்கு மாங்காயைக் காயாகவே கீற்றுப் போட்டு, உப்பு மிளகாய்த்தூள் தூவித் தருவதை அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். அது பெரும்பாலும் கூழ் ஆலைக்குப் போகிற ரகம், வீட்டுக்கு வேண்டாம். வீட்டுக்கு செந்தூரா, இமாம்பசந்த், மல்கோவா. நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், காம்புப் பக்கம் மூக்கை வையுங்கள். பழுத்த பழம் அங்கே மணக்கும். தோல் மட்டும் சீராக மஞ்சளாகி, மணமே இல்லாமல், அமுக்கினால் கல் மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி குற்றம், எத்திலீன் வாயுவை அளவோடு விட்டுப் பழுக்க வைக்க மட்டும்தான் அனுமதி உண்டு. தள்ளுவண்டிக்காரர் ஒரு கீற்று அறுத்துத் தர மறுத்தால் அடுத்த வண்டிக்குப் போங்கள்.

படி 7: பார்சல்

ரசம், சட்னி, மீன், இதெல்லாம் வீட்டுக்குக் கட்டாதீர்கள். நிப்பட்டு, ஒப்பட்டு, சாமை அரிசி, ராகி மாவு வாங்கலாம். மகளிர் குழுக் கடைகளில் மாவுப் பாக்கெட் வாங்கும்போது, அரைத்த தேதியும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்.

களி உருண்டை ஒன்று மட்டும் கூடுதலாக டப்பாவில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் முங்கும்படி தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் மூடி வையுங்கள். காலையில் கையால் கரைத்து, உப்புப் போட்டு, மோர் விட்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடியுங்கள். எங்கள் வீட்டில் அந்தச் சட்டிக்குத்தான் மறுநாள் சண்டை நடக்கும். அம்மா முதலில் எழுந்துவிடுவார்.