ரிமோட் டெஸ்க்டாப் சர்வர்: எந்த த்ரெட் எதைத் தொடுகிறது, எதை யார் அழிக்கிறார்கள் என்று ஆவணப்படுத்துவது எப்படி?

லிப்விஎன்சிசர்வர் (திரையை வேறொரு கணினியில் காட்டும் விஎன்சி சர்வர்களைக் கட்ட உதவும்) நூலகத்தின் மேல் சி மொழியில் எழுதிய ஒரு சிறிய ரிமோட் டெஸ்க்டாப் சர்வரை அண்மையில் பராமரிக்க எடுத்துக்கொண்டேன். அதில் ஒரு தொல்லை இருந்தது. பார்வையாளர் (சர்வரோடு இணையும் கிளையன்ட்) இணைப்பைத் துண்டித்துச் சென்ற பிறகும் சில சமயம் அவருக்கான த்ரெட் முடியாமல் அப்படியே நிற்கும். ஒவ்வொரு ஃபங்ஷனும் என்ன செய்கிறது என்பதற்கு நிரலில் குறிப்புகள் இருந்தன. அதை எந்த த்ரெட் அழைக்கிறது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அந்த வரிகளை எழுத உட்கார்ந்தபோதுதான் பிழை அகப்பட்டது. நான் எழுதிய வரிசையிலேயே இங்கே தருகிறேன். பிதிரெட் (த்ரெட்டுகளுக்கான நூலகம்), மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டு) ஆகியவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: சர்வர் எந்த முறையில் ஓடுகிறது?

இந்த நூலகத்தை இரண்டு விதமாக ஓட்டலாம். நிகழ்வுகளைக் கவனிக்கும் ஃபங்ஷனை உங்கள் நிரலே திரும்பத் திரும்ப அழைத்தால் எல்லாம் ஒரே த்ரெட்டில் நடக்கும். நிகழ்வுச் சுழற்சியைப் பின்னணியில் ஓட்டச் சொன்னால் நூலகமே த்ரெட்டுகளை உருவாக்கிக்கொள்ளும். ஆவணத்தின் முதல் வரி இதுவாக இருக்க வேண்டும். கீழே எழுதப்போகும் ஒவ்வொரு விதியும் இதைப் பொறுத்தே மாறுகிறது. எங்கள் சர்வர் பின்னணி முறையில் ஓடுவதால் இனி வருவதெல்லாம் அதைப் பற்றியதே.

படி 2: த்ரெட்டுகளைப் பட்டியலிடுங்கள்

நிரலைப் படித்து ஊகிக்க வேண்டாம். சர்வரை ஓடவிட்டு, இரண்டு பார்வையாளர்களை இணைத்து, ஜிடிபி என்ற பிழைத்திருத்தியில் எல்லா த்ரெட்டுகளின் அழைப்பு அடுக்கையும் எடுங்கள். இணைப்புகளை ஏற்கும் லிசனர் த்ரெட் ஒன்று இருக்கும். ஒவ்வொரு பார்வையாளருக்கும் உள்ளீட்டு த்ரெட் ஒன்றும் வெளியீட்டு த்ரெட் ஒன்றும் இருக்கும். வெளியீட்டு த்ரெட்டைத் தொடங்குவதும், இறுதியில் அது முடியும்வரை காத்திருப்பதும் உள்ளீட்டு த்ரெட்டின் வேலை. இந்தப் பெற்றோர்–பிள்ளை உறவை அவசியம் எழுதுங்கள். எது முதலில் முடியும் என்ற கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது.

உங்கள் நிரலே தொடங்கும் த்ரெட்டுகளுக்குப் பெயர் வையுங்கள். லினக்ஸில் 15 எழுத்துகள்வரைதான் இடம் உண்டு என்பதால் ஆங்கிலத்தில் சுருக்கமாக வைப்பது நல்லது.

படி 3: ஒவ்வொரு கால்பேக்கும் எங்கிருந்து அழைக்கப்படுகிறது?

கால்பேக், ஹுக் இரண்டும் நீங்கள் எழுதிக் கொடுத்து நூலகம் அழைக்கும் ஃபங்ஷன்கள். புதிய பார்வையாளர் வந்ததைச் சொல்லும் ஹுக் லிசனர் த்ரெட்டிலிருந்து வரும். விசைப்பலகை, மவுஸ், கிளிப்போர்டு கால்பேக்குகள் அந்தந்தப் பார்வையாளரின் உள்ளீட்டு த்ரெட்டிலிருந்து வரும். பார்வையாளர் போய்விட்டார் என்று சொல்லும் ஹுக்கும் அதே உள்ளீட்டு த்ரெட்டிலிருந்துதான். ஆகவே இரண்டு பேர் ஒரே நேரத்தில் மவுஸை நகர்த்தினால் உங்கள் மவுஸ் கால்பேக் இரண்டு த்ரெட்டுகளில் ஒன்றாக ஓடும். பொதுவான மாறி எதையாவது அது தொட்டால் பூட்டு தேவை. ஒவ்வொரு கால்பேக்கின் தலையிலும் இப்படி ஒரு வரி போதும்: “அழைப்பது: பார்வையாளரின் உள்ளீட்டு த்ரெட். ஒரே நேரத்தில் பலமுறை ஓடலாம்.”

படி 4: உரிமையாளர் அட்டவணை

நான் நான்கு பத்திகள் வைக்கிறேன்: ஆப்ஜெக்ட், உருவாக்குபவர், அழிப்பவர், அழிக்கும் முன் எது முடிந்திருக்க வேண்டும். பலரும் முதல் மூன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். சர்வரை விழுந்துவிடாமல் காப்பது நான்காவது பத்திதான்.

திரைப்படிமம் தங்கும் ஃபிரேம்பஃபர் உங்களுடையது. ஸ்கிரீன் ஆப்ஜெக்டைத் துப்புரவாக்கும் ஃபங்ஷன் அதை விடுவிக்காது. திரையின் அளவு மாறும்போது புதிய பஃபரை நூலகத்திடம் கொடுங்கள். அந்த அழைப்பு திரும்பிய பிறகே பழையதை விடுவியுங்கள். பார்வையாளர் ஆப்ஜெக்ட் நூலகத்துடையது; அதற்குள் நீங்கள் தொங்கவிடும் சொந்தத் தரவு உங்களுடையது. அதைப் பார்வையாளர் போன ஹுக்கில் நீங்களே விடுவிக்க வேண்டும். கர்சருக்கு மட்டும் விதி அதற்குள்ளேயே இருக்கிறது: எந்தப் பகுதியை நூலகம் விடுவிக்கலாம் என்று சொல்லும் கொடிகள் அந்த ஆப்ஜெக்டிலேயே உண்டு.

படி 5: குறிப்பு எண்ணிக்கை

இங்கேதான் நான் வெகுநேரம் நின்றேன். பின்னணி முறையில் ஒவ்வொரு பார்வையாளர் ஆப்ஜெக்டும் ஒரு குறிப்பு எண்ணிக்கையை (அதை இப்போது எத்தனை இடங்கள் பயன்படுத்துகின்றன என்ற கணக்கை) சுமக்கிறது. இணைப்பு அறுந்ததும் உள்ளீட்டு த்ரெட் அந்த ஆப்ஜெக்டைப் பட்டியலிலிருந்து நீக்குகிறது. பிறகு எண்ணிக்கை பூஜ்யமாகும்வரை காத்திருக்கிறது. அதன் பின்னரே உங்கள் ஹுக்கை அழைத்து நினைவகத்தை விடுவிக்கிறது.

இந்த எண்ணிக்கையை யார் கூட்டுகிறார்கள்? பார்வையாளர்களை ஒவ்வொருவராகத் தரும் இட்டரேட்டர் கூட்டுகிறது. அடுத்தவரிடம் நகரும்போது அவருக்கு ஒன்று கூடும். முந்தையவருக்கு ஒன்று குறையும். கடைசிவரை ஓடினால் கணக்கு சரியாகிவிடும். ஆனால் தேடியவர் கிடைத்ததும் சுழற்சியை நடுவில் முறித்து, இட்டரேட்டரை விடுவிக்காமல் வெளியேறினால் அவருடைய எண்ணிக்கை ஒன்றிலேயே தங்கிவிடும். அவர் இணைப்பைத் துண்டிக்கும்போது உள்ளீட்டு த்ரெட் வராத சமிக்ஞைக்காக முடிவின்றிக் காத்திருக்கும். ஜிடிபியில் பார்த்தால் அந்த த்ரெட் கண்டிஷன் வெயிட்டில் (சமிக்ஞைக்கான காத்திருப்பில்) நிற்பதும், அதை அழைத்தது இணைப்பு முடிந்ததைக் கையாளும் ஃபங்ஷன் என்பதும் தெரியும். எங்கள் சர்வரில் நின்றது இப்படித்தான்.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. ஒரே த்ரெட் முறையில் இந்தக் காத்திருப்பே கிடையாது. அதனால் அந்த முறையில் சோதித்தால் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும்.

ஆவணத்தில் நான் எழுதிய வரிகள் இவை: “இட்டரேட்டர் தரும் பாயின்டர் அடுத்த நகர்வுவரை மட்டுமே செல்லுபடியாகும். சுழற்சியை எப்படி முடித்தாலும் இட்டரேட்டரை விடுவிக்க வேண்டும். பாயின்டரை வெளியே எடுத்துச் செல்வதானால் எண்ணிக்கையை நீங்களே கூட்டி, வேலை முடிந்ததும் குறைக்க வேண்டும்.”

படி 6: பூட்டுகளின் வரிசை

சுருக்கமாகச் சொல்கிறேன். புதுப்பிப்பை அனுப்பும்போது வெளியீட்டு த்ரெட், அனுப்புதலைக் காக்கும் மியூடெக்ஸைப் பிடித்த பிறகே, மாறிய பகுதிகளின் பட்டியலைக் காக்கும் புதுப்பிப்பு மியூடெக்ஸைப் பிடிக்கிறது. நீங்கள் இதைத் தலைகீழாகச் செய்தால் இரண்டு த்ரெட்டுகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றுவிடும். உங்கள் சொந்தப் பூட்டுகள் இந்த வரிசையில் எங்கே வருகின்றன என்பதையும் சேர்த்து எழுதுங்கள். என் விருப்பம்: நூலகத்தை அழைக்கும் முன் சொந்தப் பூட்டை விட்டுவிடுவது.

படி 7: எழுதியதைச் சோதியுங்கள்

த்ரெட்டுகள் பூட்டின்றி ஒரே தரவைத் தொடுவதைக் கண்டுபிடிக்கும் த்ரெட் சானிடைசரைத்தான் முதலில் பரிந்துரைப்பேன். வால்கிரைண்டின் ஹெல்கிரைண்டும் நல்ல கருவிதான். ஆனால் திரைப்படிமத்தை ஓயாமல் சுருக்கி அனுப்பும் சர்வரில் அதன் வேகம் பொறுமையைச் சோதிக்கும். த்ரெட் சானிடைசரையும், நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரையும் ஒரே பில்டில் சேர்க்க முடியாது, தனித்தனியாகக் கட்டுங்கள். ஆவணத்தை விக்கியில் வைக்காதீர்கள். மூல நிரலுக்குப் பக்கத்திலேயே ஒரு மார்க்டவுன் கோப்பாக வையுங்கள். அப்போதுதான் நிரலை மாற்றுபவர் அதே கமிட்டில் அட்டவணையையும் திருத்துவார்.

பின்சேர்க்கை

ஃபிரேம்பஃபரில் எழுதும்போது வெளியீட்டு த்ரெட் படித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். த்ரெட் சானிடைசர் அங்கே எச்சரிக்கும், நியாயமான எச்சரிக்கைதான். திரையில் ஒரு கணம் பாதி பழையதும் பாதி புதியதுமாகத் தெரியலாம். எழுதி முடித்த பிறகு அந்தப் பகுதி மாறிவிட்டது என்று குறித்தால் அடுத்த புதுப்பிப்பில் சரியாகிவிடும். ஏனென்றால் வெளியீட்டு த்ரெட் அனுப்பத் தொடங்கும் முன்பே அந்தப் பகுதியை ‘மாறியது’ பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறது. நடுவில் வரும் மாற்றம் தவறிப்போகாது. நாங்கள் இதைத் தெரிந்தே விட்டுவைத்திருக்கிறோம். அந்த முடிவையும் அதற்கான காரணத்தையும் அட்டவணையின் கீழே எழுதியிருக்கிறோம்.

இன்னொருவருக்குக் கிளிப்போர்டில் சிக்கல். கால்பேக்கில் வரும் உரையின் பாயின்டரை அவர் சேமித்து வைத்துப் பிறகு படித்திருக்கிறார். அந்த உரை நூலகத்துடையது. கால்பேக் திரும்பியதும் விடுவிக்கப்பட்டுவிடும். வேண்டுமானால் கால்பேக்கின் உள்ளேயே நகல் எடுத்துக்கொள்ளுங்கள். படி 4இன் அட்டவணையில் இதற்கும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.