கிளச் பிளேட் மாற்றிய பிறகு பைக் அடம்பிடிக்கிறதா? மூடியைத் திரும்பக் கழற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள்

கல்லடியில் எங்கள் வீட்டு முற்றத்தில் நான் முதன்முதலாகக் கிளச் பிளேட் மாற்றிய அன்று, பூட்டி முடிக்கப் பொழுதுபட்டுவிட்டது. ஒயில் ஊற்றி, கேபிளைக் கொழுவி, கிக்கரை உதைத்தால் அது பாரமே இல்லாமல் சும்மா கீழே போகிறது. என்ஜின் அசையவில்லை. அடுத்த நாள் காலை தள்ளிக்கொண்டு போய்ச் சந்திக் கராஜில் நிறுத்தினேன். மெக்கானிக் பாஸ் கையால் கிக்கரை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, "கழட்டின மாதிரி பூட்டல்ல போல மனே" என்றார். புதுப் பிளேட்டில்தான் பிழை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக இருந்தவன் நான்.

அதற்குப் பிறகு என் பைக், தம்பியின் பைக், பக்கத்து வீட்டு அண்ணனின் பைக் என்று சிலதைக் கழற்றிப் பூட்டிவிட்டேன். நான் கண்டவரை, நேற்றுவரை ஓடிய பைக் இன்று கைவைத்த பிறகு முரண்டு பிடித்தால், காரணம் நாம் தொட்ட இடத்தில்தான் இருக்கும். அதிலும் பாதி, என்ஜின் பக்கத்துக் கிளச் மூடியைத் திறக்காமலே சரியாகிவிடும். ஆகவே முதலில் கேபிள், பிறகு ஒயில், மூடி கடைசி.

சீட்டி 100, டிஸ்கவர், பல்சர் என்று எங்கள் பக்கம் அதிகம் ஓடும் கியர் பைக்குகளில் இருப்பது ஒயிலுக்குள் ஊறும் பல பிளேட் கிளச். இந்த விளக்கம் அதற்குத்தான். ஸ்கூட்டிக்குப் பொருந்தாது.

வழுக்குகிறதா, விடவில்லையா?

என்ஜினின் பலத்தைக் கியரோடு சேர்ப்பதும் பிரிப்பதும் கிளச்சின் வேலை. அதற்கு வரும் முக்கிய நோய் இரண்டு. பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காமல் வழுக்குவது ஒன்று. விட வேண்டிய நேரத்தில் விடாமல் இழுப்பது மற்றது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

வழுக்கலைக் கண்டுபிடிக்க ஓர் ஏற்றம் இருந்தால் நல்லது. மட்டக்களப்பில் ஏற்றத்துக்கு எங்கே போவது? கல்லடிப் பாலத்தில் சோதிக்க வேண்டாம், அங்கே பின்னால் பஸ் நிற்கும். வண்டி குறைந்த காலை நேரத்தில் படுவான்கரைப் பக்கம் வயல் வீதி ஒன்றுக்குப் போங்கள். மூன்றாம் கியரில் மணிக்கு 30, 35 கிலோமீட்டரில் போய்க்கொண்டே எக்ஸலேட்டரை நன்றாகத் திருகுங்கள். சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் வழுக்கல்தான். கிளச்சைப் பிடித்துக்கொண்டு கியரில் உதைத்தால் ஸ்டார்ட் ஆகாத பைக்குகளில் இன்னும் இலகு. அவற்றில் உதையின் பலம் கிளச் வழியாகவே என்ஜினுக்குப் போகிறது, அதனால் கிளச் வழுக்கினால் கிக்கரும் வழுக்கும். எனக்கு நடந்தது அதுதான்.

விடாத கிளச்சை வீட்டிலேயே பார்க்கலாம். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சில்லுக்குப் பக்கத்தில் பிள்ளைகள் யாரும் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, ஸ்டார்ட் செய்து, கிளச்சை முழுதாகப் பிடித்து முதல் கியரைப் போடுங்கள். சில்லு மெதுவாகச் சுற்றும். அதைப் பார்த்துப் பயந்து திரும்பக் கழற்றியவர்களை எனக்குத் தெரியும். பிளேட்டுகளுக்கு நடுவில் உள்ள ஒயிலின் இழுவை அது, வழமையானது. பின்பிரேக்கை மெல்ல மிதியுங்கள். சில்லு நின்று என்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் கிளச்சில் பிழையில்லை. என்ஜினும் சேர்ந்து நின்றால் கிளச் விடவில்லை.

கேபிள்

புதுப் பிளேட் தேய்ந்த பழையதைவிடத் தடிப்பு. அதனால் பழைய பிளேட்டுக்கு வைத்த கேபிள் அளவு இப்போது பொருந்தாது. பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

1. என்ஜின் ஆறியிருக்கட்டும். கிளச் லீவரை விரலால் மெல்ல இழுங்கள். பாரம் தட்டுவதற்கு முன் லீவர் சும்மா அசையும் தூரம், முனையில் அளந்தால், பெரும்பாலான பைக்குகளில் 10 முதல் 20 மில்லிமீட்டர். உங்கள் பைக்கின் கையேடு இருந்தால் அதிலுள்ள அளவே சரி.

2. சும்மா அசையும் தூரமே இல்லையா? நீங்கள் கை வைக்காமலே கிளச் கொஞ்சம் பிடித்தபடி இருக்கிறது என்று அர்த்தம். அதனால் வழுக்கும். மிக அதிகமாக இருக்கிறதா? லீவரை முழுதாக இழுத்தாலும் பிளேட் விலகாது. அதனால் இழுக்கும்.

3. லீவர் பக்கத்துத் திருகை நன்றாக உள்ளே விட்டு, என்ஜின் பக்கத்து நட்டில் பெரிய அளவைச் சரிசெய்யுங்கள். மிச்சத்தை லீவர் பக்கத்தில் நுணுக்கமாக வையுங்கள். பூட்டு நட்டுகளை இறுக்க மறக்க வேண்டாம்.

4. ஹேண்டிலை இடமும் வலமுமாக முழுதாகத் திருப்பி இரண்டு பக்கமும் அளவைப் பாருங்கள். மாறினால் கேபிள் போன வழி பிழை, எங்கேயோ இழுபடுகிறது.

கடற்கரை ஓரம் இருப்பவர்களுக்கு ஒரு சொல்: உப்புக் காற்றில் கேபிள் உள்ளுக்குள்ளே துருப்பிடிக்கும். இழுத்த லீவர் மந்தமாகத் திரும்பி வந்தால் பிளேட்டைக் குறை சொல்ல முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

ஒயில்

கார் ஒயில் ஊற்றினீர்களா? சில கார் ஒயில்களில் உராய்வைக் குறைக்கும் சரக்கு சேர்த்திருப்பார்கள். காருக்கு அது நல்லது, ஒயிலில் ஊறும் கிளச்சுக்கு நஞ்சு. போத்தலில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (JASO MA, MA2) என்ற தரக்குறி இருக்க வேண்டும். எம்பி (MB) என்று இருந்தால் அது பெரும்பாலும் ஸ்கூட்டிகளுக்கானது, வேண்டாம்.

புதுப் பிளேட்டை ஒயிலில் ஊறப் போட்டீர்களா என்பது அடுத்த கேள்வி. நான் இரவே ஒரு தட்டில் ஒயிலை ஊற்றி அமிழ்த்தி வைத்துவிடுவேன். காய்ந்தபடி பூட்டிய பிளேட் முதல் ஓட்டத்திலேயே சூடேறிக் கருகலாம். கருகிய மணம் வந்தால் ஓட்டிப் பார்த்துச் சரியாகும் என்று நினைக்காதீர்கள்.

மாரியில் வெள்ளத்துக்குள்ளால் ஓடிய பைக் என்றால் ஒயிலின் நிறத்தைப் பாருங்கள். பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. முதலில் அதை மாற்றுங்கள்.

இனி மூடியைத் திறக்கலாம்

ஒயிலை வடித்துவிட்டுத் திறவுங்கள். மூடிக்கு அடியில் ஒயில் கசியாமல் வைக்கும் புது கேஸ்கட் ஒன்று முன்கூட்டியே கையில் இருக்கட்டும், பழையது அநேகமாகக் கிழியும். பழைய பிளேட்டுகளை எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். புதியதோடு பக்கத்தில் வைத்து எண்ணிக்கை, தடிப்பு, ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகளின் அகலம் மூன்றையும் ஒப்பிட வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் வேறு மொடல் பிளேட்டைக் கடையில் தந்துவிடுவதும் உண்டு.

என்னைக் கவிழ்த்தது இந்த இடம்: ஸ்பிரிங் பலத்தால் மற்றப் பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் பற்கள் நடுவில் உள்ள ஹப்பின் பற்களுக்குள் சரியாக விழ வேண்டும். விழாமல் பல்லின்மேல் பல் நின்றால், ஸ்பிரிங்குகளின் அழுத்தம் முழுவதும் ஹப்பில் போய் நிற்கும், பிளேட்டுகள் நடுவில் தளர்ந்து கிடக்கும். போல்டை நீங்கள் எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. ஸ்பிரிங் போட முன் பிரஷர் பிளேட்டை விரலால் அழுத்தி இப்படியும் அப்படியும் சற்றுத் திருப்புங்கள். டக்கென்று உள்ளே விழும். பிறகு பிளேட்டுகளுக்கு இடையில் வெளிச்சம் தெரியக்கூடாது.

கிளச் விடவே இல்லை என்றால், நடுவில் பிரஷர் பிளேட்டைத் தள்ளும் சின்னத் துண்டையும் அதன் பெயரிங்கையும் தேடுங்கள். கழற்றும்போது ஒயிலோடு சேர்ந்து தட்டுக்குள் விழுந்து அங்கேயே கிடக்கும். உராயும் பிளேட்டுகளுக்கு இடையில் வரும் இரும்புப் பிளேட்டுகளை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைத்து, ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) ஓரம் முழுக்கப் பாருங்கள். 0.2 மில்லிமீட்டர் தகடு உள்ளே போனால் அந்தப் பிளேட் வளைந்திருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன். பிளேட்டுகள் உள்ளே நிற்கும் கூடை போன்ற ஹவுசிங்கின் விரல்களில் பிளேட்டின் காதுகள் குத்திக் குத்திப் பள்ளம் விழுந்திருந்தால், அதில் புதுப் பிளேட் சிக்கி நிற்கும். சின்னப் பள்ளத்தை அரத்தால் மெல்லத் தேய்க்கலாம். ஆழமானதற்குப் புது ஹவுசிங்தான் வழி.

ஸ்பிரிங் போல்டுகளை ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக்கூடாது. எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். 10ம் நம்பர் சாவி பிடிக்கும் அந்தச் சின்ன 6 மில்லிமீட்டர் போல்டுகளுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். பலம் காட்டினால் போல்ட் பூட்டும் அலுமினியத் தூண் முறியும்.

மூடியை வைக்கும்போது இரண்டு இருத்தும் குழாய் ஆணிகளும் இடத்தில் இருக்கின்றனவா, கேபிள் இழுக்கும் கை கழற்ற முன் இருந்த கோணத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள். கழற்ற முன் போனில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் இங்கே உதவும்.

ஒயில் ஊற்றி, கேபிளைத் திரும்ப அளந்து, இரண்டு மூன்று நாள் ஊருக்குள் மெதுவாக ஓடுங்கள். புதுப் பிளேட் படிந்ததும் லீவரின் அளவு கொஞ்சம் மாறும். அதை இன்னொருமுறை சரிசெய்த பிறகு நெல் மூட்டையை ஏற்றலாம்.