டர்போ இன்ஜின் மாற்றிய பழைய கார்: கோளாறை இன்ஜினில் மட்டும் தேடாதீர்கள்

போன மாதம் ஒரு தம்பி தன் டாட்சன் 120ஒய் காரை இழுவை லாரியில் ஏற்றி, ஈப்போவில் இருக்கும் என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். 1970களின் கார். உள்ளே நிசான் சில்வியாவிலிருந்து வந்த எஸ்.ஆர்.20 டர்போ இன்ஜின். ஹாஃப்கட் (பாதியாக வெட்டி விற்கும் பழைய கார்) வாங்கி, மவுண்ட்டை அவரே அடித்து, வயரிங்கையும் அவரே இழுத்திருந்தார். வேலை சுத்தமாகத்தான் இருந்தது.

"அண்ணே, டர்போ ஏறினதும் இழுக்காம திக்குது. பிளக் மாத்திட்டேன், காயில் மாத்திட்டேன், ஏர் ஃப்ளோ மீட்டரும் மாத்திட்டேன்."

நானும் பல வருடங்களுக்கு முன், இதேபோல் டர்போ இன்ஜின் மாற்றிய என் காரில், இதே பொருட்களை இதே வரிசையில் மாற்றியவன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஓஸ் கிளிப் இறுக்காதது, பிளக் இடைவெளி பார்க்காதது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை முதல் நாளே தங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

120ஒய்யின் சொந்த இன்ஜின் 1171 சிசி, ஏறக்குறைய 70 குதிரைத் திறன். அதன் இடத்தில் இப்போது 1998 சிசி, 205 குதிரைத் திறன். புது இன்ஜினுக்குப் பெட்ரோலும் மின்சாரமும் குளிர்ச்சியும் கொடுப்பது மட்டும் அதே பழைய கார். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஆனால் கை முதலில் இன்ஜினுக்குத்தான் போகிறது. அப்படிப் பலர் செய்யும் தவறுகளும், கவனிக்க வேண்டியவையும் இவை.

வண்டியை நிறுத்திவைத்துப் பெட்ரோல் அழுத்தம் பார்ப்பது

என் காரில் இன்ஜின் போட்ட முதல் வாரத்திலேயே பெட்ரோல் லைனில் கேஜ் மாட்டிப் பார்த்தேன். ஐடிலில், அதாவது வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது, 36 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு). பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வேக்குவம் ஓஸைக் கழற்றினால் 43. புத்தகத்தில் இருக்கும் கணக்கு அப்படியே வந்தது. சரி, பெட்ரோலில் குறை இல்லை என்று முடிவுகட்டி, கேஜைக் கழற்றி வைத்துவிட்டேன். அந்த முடிவுதான் எனக்கு ஒரு இன்ஜினைத் தின்றது.

ஐடிலில் இன்ஜின் குடிப்பது சொட்டுச் சொட்டாகத்தான். அந்த நேரத்தில் எந்தப் பம்பும் நல்ல பம்பாகத் தெரியும். டர்போ அழுத்தம் ஏறும்போது நிலைமையே வேறு. இன்டேக்கில் 7 பி.எஸ்.ஐ. ஏறினால் பெட்ரோல் அழுத்தமும் அதே 7 ஏறி 50-க்குப் போக வேண்டும். 10 ஏறினால் 53. அப்போதுதான் இன்ஜெக்டர் எதிரில் இருக்கும் காற்றழுத்தத்தைத் தாண்டி அதே அளவு பெட்ரோலைத் தெளிக்க முடியும். முழு ஆக்சிலரேட்டரில் அழுத்தம் ஏறாமல் 43-லேயே நின்றால், அல்லது ஏறிவிட்டுச் சரிந்தால், சிலிண்டருக்குள் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் என்றால் இழுவை குறைந்து எச்சரிக்கும். டர்போ இன்ஜின் தட்டல் எடுக்கும், அதாவது சிலிண்டருக்குள் கலவை தானாகவே வெடிக்கும். அந்தத் தட்டல் பிஸ்டனை உடைக்கும்.

கம்ப்யூட்டர் திருத்திக்கொள்ளாதா என்று பலர் கேட்கிறார்கள். திருத்தாது. ஐடிலிலும் நிதானமான ஓட்டத்திலும்தான் அது ஆக்சிஜன் சென்சாரைக் கேட்டு நடக்கும். முழு ஆக்சிலரேட்டரில், தன்னிடம் எழுதிவைத்த கணக்குப்படி இன்ஜெக்டரைத் திறந்துவிட்டு, பெட்ரோல் வந்திருக்கும் என்று நம்பிக்கொள்ளும்.

என் காரில் பெட்ரோல் வராததற்கு மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. முதலாவது, டேங்க். கார்புரேட்டர் காலத்து டேங்க்குக்குள் தடுப்பும் இல்லை, பம்பைச் சுற்றிப் பெட்ரோலைப் பிடித்துவைக்கும் கிண்ணமும் இல்லை. கார்புரேட்டருக்கு அது போதும். மூன்று நான்கு பி.எஸ்.ஐ. பம்ப் நடுவில் கொஞ்சம் காற்றை உறிஞ்சினாலும், கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் அந்த நேரத்தைச் சமாளித்துவிடும். இன்ஜெக்ஷனுக்கு அப்படி ஒரு சேமிப்பு கிடையாது. பம்ப் அரை நொடி காற்றைக் குடித்தால் அரை நொடி பெட்ரோல் இல்லை.

இரண்டாவது, பம்புக்குப் போன வயர். பழைய காரின் மெல்லிய வயரிலேயே புதுப் பம்பைக் கோத்திருந்தேன். பேட்டரியில் 13.8 வோல்ட் இருந்தபோது பம்பின் முனையில் 11-க்குக் கொஞ்சம் மேல்தான் இருந்தது. மூன்றாவது, ஃபில்டர். நாற்பது வருடத் துரு முழுவதையும் அது வாங்கிவைத்திருந்தது.

ஒரு சனிக்கிழமை தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் போனேன். வளைவுக்கு மேல் வளைவு. டேங்கில் கால்வாசிப் பெட்ரோல். இடது வளைவு முடிந்து முழுதாக மிதித்தால் ஒரு திக்கல். அடுத்த நேர்ச்சாலையில் சரியாகிவிடும். காயில் சூடாகிறது போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மிதித்துக்கொண்டே போனேன். ரிங்லெட் வருவதற்கு முன் பின்னால் நீலப் புகை. பிரித்துப் பார்த்தபோது நான்காவது பிஸ்டனில் ரிங் உட்காரும் வரப்பு உடைந்து, அந்தத் துண்டு சிலிண்டர் சுவரைக் கீறியிருந்தது. வேறு இன்ஜின் வாங்கி இறக்கியதில் 5,000 ரிங்கிட்டுக்கு மேல் போனது. ஒரு ரிலே, நாலு மீட்டர் தடித்த வயர், ஒரு சர்ஜ் டேங்க் (பம்புக்குப் பெட்ரோலைச் சேர்த்துவைக்கும் சின்ன டேங்க்), ஒரு ஃபில்டர். இவ்வளவில் முடிந்திருக்க வேண்டிய வேலை. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

செய்ய வேண்டியது இதுதான். கேஜை வைப்பர் பக்கத்தில், ஓட்டும்போது கண்ணில் படுகிற மாதிரி பானெட்டுக்கு வெளியே கட்டுங்கள். பெட்ரோல் அழுத்தக் கேஜைக் காருக்குள் மட்டும் கொண்டுவராதீர்கள். ஓஸ் கசிந்தால் தீ. பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து அவரைக் கேஜைப் பார்க்கச் சொல்லுங்கள். டர்போ ஏறும்போது முள்ளும் சேர்ந்து ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. எக்ஸாஸ்ட்டில், காற்று–பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சாரும் மாட்டுங்கள். முழு அழுத்தத்தில் காற்று–பெட்ரோல் விகிதம் 11.5-க்கும் 12-க்கும் நடுவில் இருக்க வேண்டும். 13-ஐத் தாண்டினால் உடனே காலை எடுங்கள். "இன்னொரு தடவை மிதித்துப் பார்க்கலாம்" என்கிற அந்த இன்னொரு தடவையில்தான் பிஸ்டன் போகிறது.

டேங்கைப் பிரித்துத் தடுப்பு வைக்க முடியாவிட்டால் சர்ஜ் டேங்க் வையுங்கள். ஒன்றரை, இரண்டு லிட்டர் போதும். சின்னப் பம்ப் பெரிய டேங்கிலிருந்து அதை நிரப்பிக்கொண்டே இருக்கும். பெரிய பம்ப் அதன் அடியிலிருந்து இழுக்கும். ரெகுலேட்டரிலிருந்து திரும்புவதும் அதற்குள்ளேயே வர வேண்டும். வழிவது மட்டும் பெரிய டேங்குக்குப் போகட்டும். பெரிய டேங்குக்குத் திரும்பும் அந்தப் பைப்பைச் சிலர் பழைய ஆவிக் குழாயிலேயே கோத்துவிடுகிறார்கள். அது மெல்லியது. பெட்ரோல் திரும்ப வழியில்லாமல் ஐடிலிலேயே அழுத்தம் கூடிவிடும். அப்புறம் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது என்று அதையும் மாற்றுவார்கள்.

நீலப் புகை என்றதும் டர்போவைக் கழற்றுவது

எஸ்.ஆர்.20-ஐ 120ஒய்யில் இறக்க, குறுக்குச் சட்டத்தில் இடிக்கிறது என்று இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப்பை வெட்டி ஒட்டுவது வழக்கம். அப்போது டர்போவிலிருந்து எண்ணெய் இறங்கும் குழாயையும் எங்கேயாவது மாற்றிவைக்கிறார்கள். அந்த எண்ணெய் அழுத்தத்தில் வருவதில்லை, சும்மா வழிந்து இறங்குகிறது. குழாய் தடியாக, மடிப்பில்லாமல், சரிவாக இருக்க வேண்டும். சம்ப்பில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். மட்டத்துக்குக் கீழே சேர்த்தால் எண்ணெய் டர்போவிலேயே தேங்கி, சீலைத் தாண்டி எக்ஸாஸ்ட்டுக்குள் போகும். ஐடிலில் நின்றால் புகை வரும். இப்படி நல்ல டர்போக்கள் எத்தனையோ குப்பைக்குப் போயிருக்கின்றன.

'டிஸ்ஸ்' சத்தத்துக்காக ப்ளோ-ஆஃப் வால்வை வெளியே திறந்துவிடுவது

ப்ளோ-ஆஃப் வால்வு, காலை எடுத்ததும் டர்போ அழுத்தத்தை விடுவிப்பது. இந்த இன்ஜினில் ஏர் ஃப்ளோ மீட்டர் காற்றை அளந்த பிறகுதான் அது டர்போவுக்குப் போகிறது. அளந்த காற்றை வெளியே விட்டால், கம்ப்யூட்டர் அந்தக் காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் ஊற்றும். சிக்னலில் காலை எடுத்ததும் இன்ஜின் அணையும். நிசான் வைத்தபடி இன்டேக் குழாய்க்கே திருப்பிவிடுங்கள்.

எர்த்

இரண்டு எர்த் வயர். தடித்தது. இன்ஜினிலிருந்து பாடிக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று. பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு.

சூடு ஏறினால் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது

முதலில் காற்றை வெளியேற்றுங்கள். பழைய காரின் முகம் தாழ்வு, ரேடியேட்டரும் தாழ்வு. இன்ஜின் தலைப்பகுதியே உயரமாக நின்று காற்றைப் பிடித்துக்கொள்ளும். முன்சக்கரங்களை மேட்டில் ஏற்றி, ஹீட்டரைத் திறந்துவைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். அப்புறம், டர்போ காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைத் தகரம் வைத்து அடையுங்கள். காற்று சுலபமான வழியில்தான் போகும்; ஓரத்தில் இடம் விட்டால் ரேடியேட்டருக்குள் நுழையாது. தெர்மோஸ்டாட் அதன் இடத்திலேயே இருக்கட்டும்.

பெட்ரோல்

ஆர்.ஓ.என். (ஆக்டேன் எண்) 97. ஜப்பானில் ஹை-ஆக்டேன் பெட்ரோலுக்கென்று அமைத்த இன்ஜின் இது. 95 ஊற்றி மிச்சம் பிடிக்காதீர்கள்.

பிரேக்

205 குதிரையை 70 குதிரைக்குச் செய்த பிரேக்கில் நிறுத்தப் பார்க்காதீர்கள். பிரேக் முடிந்த பிறகு இன்ஜினுக்கு வாருங்கள்.

ஜே.பி.ஜே.

இன்ஜின் மாற்றத்தை ஜே.பி.ஜே.யில் (மலேசியச் சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவு செய்யுங்கள். காப்புறுதி நிறுவனத்திடமும் சொல்லுங்கள். விபத்து நடந்த பிறகு சொல்ல முடியாது.

அந்தத் தம்பியின் காருக்கு வருகிறேன். கேஜைக் கட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஒரே ஒரு முறை மிதித்தோம். 43-லிருந்து 46 வரை ஏறிய முள், 30-க்குக் கீழே விழுந்தது. அதே மெல்லிய வயர், அதே தடுப்பில்லாத டேங்க். பிஸ்டன் தப்பித்திருக்கிறது, கம்ப்ரெஷன் நான்கு சிலிண்டரிலும் சமமாக வந்தது. புது வயரும் ரிலேவும் போட்டாயிற்று. சர்ஜ் டேங்க்கை நேற்றுதான் பின்னால் பொருத்தினோம். வரும் சனிக்கிழமை தாப்பா சாலையில் ஏற்றிப் பார்க்கப் போகிறோம். டேங்கில் கால்வாசிதான் ஊற்றச் சொல்லியிருக்கிறேன்.