ஜாம் பாட்டில்ல கடலடி புகைபோக்கி வளக்கது எப்படி

அக்கா மவன் பாளையங்கோட்டையில படிக்கான், எக்ஸிபிஷனுக்கு என்னமாவது செஞ்சி குடு மாமான்னு வந்து நின்னான், பேக்கிங் சோடா எரிமலை பாத்து பாத்து சலிச்சாச்சு, அதான் இந்தக் கடலடி புகைபோக்கியை எடுத்தேன், கடலுக்கு அடியில சூடுதண்ணி வெளிய வார எடத்துல கோபுரம் மாதிரி எழும்பி நிக்குமே, அதோட மாதிரிதான் இது.

சோடியம் சிலிகேட் சோப்புத்தூள் கெமிக்கல் விக்கிற கடையில கூழு மாதிரி கிடைக்கும். அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) நாட்டு மருந்துக்கடையில, தூளா வேண்டாம், கட்டியா கேளுங்க. ஒரு பங்கு சிலிகேட்டுக்கு மூணு பங்கு தண்ணி. நான் மொதல்ல போர் தண்ணிய ஊத்திட்டேன், எங்க தெரு போர்ல சுண்ணாம்பு ஜாஸ்தி, ஊத்துன உடனே சோறு வடிச்ச கஞ்சி கணக்கா வெளுத்துட்டு, மொத்தமும் வேஸ்ட். கேன் தண்ணிதான் சரி. அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. கைக்கு கிளவுஸ், கண்ணுக்கு கண்ணாடி கட்டாயம், மயில்துத்தம் விஷம், சின்னப்பிள்ளைய தொடப்படாது.

பாட்டில் ஆடாம இருக்கணும். கொண்டைக்கடலை சைஸ் கட்டி ரெண்டு மூணை தள்ளித்தள்ளி போடுங்க. கட்டியச் சுத்தி ஒரு தோல் கட்டும், அதுக்குள்ள தண்ணி ஏறி தோல் வெடிக்கும், வெடிச்ச எடத்துல மறுபடி தோல், இப்படியே கறையான் புத்து மாதிரி மேல ஏறும், மயில்துத்தம் நீலமா, அன்னபேதி பச்சையா.

சார்ட்ல மட்டும் "பாட்டிலில் உயிர்"னு எழுதிராதீங்க. இதுல கரிமச் சேர்மம் ஒண்ணும் உருவாகாது, சுவர் எழும்புத விதத்தைத்தான் காட்டும். நெசமான சங்கதி அட்லாண்டிக் கடலடியில, 2000ல கண்டுபிடிச்ச லாஸ்ட் சிட்டிங்கிற புகைபோக்கிக் கூட்டத்துல இருக்கு. கருப்புப்புகை கக்குற வென்ட்ல, அதான் கடலடியில சூடுதண்ணி பீறிட்டு வார வாயில, 350 டிகிரிக்கு மேல சூடு, இங்க 40ல இருந்து 90தான், ஆனா தண்ணி சோப்புத்தண்ணி மாதிரி காரம், இருக்கதுலயே ஒசந்த கோபுரம் 60 மீட்டர் ஒசரம். ஆலிவின்னு ஒரு கனிமம் நெறஞ்ச பாறைக்குள்ள கடல்தண்ணி எறங்குது, பாறையில உள்ள இரும்பு தண்ணியில இருந்து ஆக்ஸிஜனைப் புடுங்கிக்கிடுது, மிச்சம் ஹைட்ரஜன். அந்த ஹைட்ரஜன் கார்பனோட சேந்துதான் மீத்தேன், ஃபார்மேட் எல்லாம், உயிரு எதுவும் கை வைக்காமலே. ஃபார்மேட்னா என்னன்னு நடுவர் கேட்டா, எறும்பு கடிச்சா எரியுதுல்லா, அந்த ஃபார்மிக் ஆசிட்டுக்கு சொந்தக்காரன்னு சொல்லுடேன்னு சொல்லிக்குடுத்திருக்கேன். சுவர் எதுக்குன்னு கேட்டா, உள்ள காரத் தண்ணி, வெளிய கடல்தண்ணி, ரெண்டும் சட்டுனு கலக்காம தடுக்கது அந்தச் சுவர்தான், உயிருக்கு மொத வேதியியல் அங்கதான் நடந்திருக்கும்னு ஒரு கூட்டம் விஞ்ஞானிங்க சொல்லுதாங்க.

வளந்த பாட்டிலை டவுன் பஸ்ல கொண்டுபோவாதீங்க, வண்ணாரப்பேட்டை தாண்டுததுக்குள்ள உதுந்துரும். கரைசலை தனியா கொண்டுபோயி காலையில ஸ்கூல்லயே கட்டியப் போடுங்க, மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள எழும்பி நிக்கும்.