மெதுவாகச் சுற்றும் சீலிங் ஃபேனும் ஏசி கரண்டின் அரிச்சுவடியும்

ஸ்விட்சைப் போட்டதும் ஃபேன் ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டு அப்படியே நிற்கிறது, குச்சியால் லேசாகத் தள்ளிவிட்டால் மட்டும் சுற்றத் தொடங்குகிறது என்றால், பெரும்பாலும் கண்டன்சர் (சார்ஜைச் சேர்த்துவைத்து விடும் பாகம்) போய்விட்டது. புதிதாக ஒன்று வாங்கி மாட்டிவிடலாம். ஆனால் அந்தச் சின்ன டப்பா அங்கே என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு மாட்டினால் ஏசி (திசை மாறி மாறி ஓடும் கரண்ட்) சர்க்யூட்டில் பாதி புரிந்த மாதிரி.

முதலில் வீட்டு கரண்ட். இது நொடிக்கு 50 சுற்று, அதாவது 20 மில்லி செகண்டுக்கு ஒரு சுற்று போய் வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை திசை மாறும். மீட்டர் காட்டும் 230 வோல்ட் உச்சம் இல்லை. பல்பையோ ஹீட்டரையோ அதே அளவு சூடாக்க எத்தனை வோல்ட் டிசி (ஒரே திசையில் ஓடும் கரண்ட்) வேண்டுமோ, அந்தக் கணக்கு அது. உச்சம் வேண்டுமென்றால் 1.414-ஆல் பெருக்குங்கள், ஏறக்குறைய 325 வோல்ட் வரும்.

ஹீட்டரில் வோல்டேஜும் கரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். காயிலில் (வயர்ச் சுருளில்) கரண்ட் பின்தங்கி வரும், கண்டன்சரில் முந்திக்கொண்டு வரும். சுத்தமான காயில், சுத்தமான கண்டன்சர் என்றால் இந்த வித்தியாசம் கால் சுற்று, அதாவது 5 மில்லி செகண்ட். ஏசியைப் படிப்பவர்கள் சறுக்கும் இடம் இதுதான், ஏனென்றால் டிசியில் நேரம் என்ற பேச்சே வராது, ஓம் விதியோடு கதை முடிந்துவிடும்.

இப்போது ஃபேனுக்கு வருவோம். ஒரே ஒரு வைண்டிங் (மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் காயில்) இருந்தால் அதன் காந்தப்புலம் உலக்கை மாதிரி ஏறி இறங்குமே தவிர, சுற்றாது. அதனால்தான் இரண்டாவதாக ஒரு வைண்டிங் வைத்து, அதற்கு முன்னால் கண்டன்சரைத் தொடராகப் போட்டு, அதில் ஓடும் கரண்டை முந்தவைக்கிறார்கள். இரண்டு காந்தப்புலங்களும் முன்பின்னாக எழும்பும்போது மொத்தப் புலமும் சுழல ஆரம்பித்துவிடும், ரோட்டர் (மோட்டாரின் சுற்றும் பாகம்) அதன் பின்னாலேயே ஓடும்.

கண்டன்சர் எவ்வளவு தடுக்கிறது என்பதற்குக் கணக்கு எளிது: 314-ஐ ஃபாரட் (கண்டன்சரின் கொள்ளளவுக்கான அலகு) அளவால் பெருக்கி, வந்த விடையால் ஒன்றை வகுக்க வேண்டும் (314 என்பது 2 × பை × 50). 2.5 மைக்ரோ ஃபாரட் (ஒரு மைக்ரோ என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்றால் சுமார் 1,270 ஓம். வயதாகி அதுவே 1.5 ஆகத் தேய்ந்துவிட்டால் 2,120 ஓம் ஆகிவிடும், இரண்டாவது வைண்டிங்குக்குப் போகும் கரண்ட் குறையும், ஃபேன் சோர்ந்துபோகும். அதற்காக ‘இன்னும் வேகமாச் சுத்தட்டும்’ என்று 4 மைக்ரோ ஃபாரட் போடாதீர்கள், வைண்டிங் சூடாகிக் கருகும்.

மாற்றும்போது ஸ்விட்சை மட்டும் நம்பாமல் எம்சிபியையே (மெயின் போர்டில் இருக்கும் பிரேக்கர் ஸ்விட்ச்) இறக்குங்கள். சில வீடுகளில் ஸ்விட்சை ஃபேஸில் (ஷாக் அடிக்கும் வயர்) போடாமல் நியூட்ரலில் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) போட்டிருப்பார்கள், அணைத்த பிறகும் ஃபேனில் ஃபேஸ் உட்கார்ந்திருக்கும். மேல் கப்பைக் கழற்றியதும் எந்த வயர் எங்கே போகிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்; வயர் நிறத்தை நம்ப வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கண்டன்சரின் இரண்டு முனையையும் ரப்பர் பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவரால் ஒரு தடவை ஷார்ட் பண்ணிவிட்டுத் தொடுங்கள். வழக்கமாக வைண்டிங் வழியாகவே சார்ஜ் இறங்கிவிடும், ஆனால் வைண்டிங் அறுந்திருந்தால் இறங்காது. பழையதை மீட்டரில் அளந்து பார்த்தால், 2.5 என்று எழுதியிருப்பது 2-ஐக் கூடத் தொடவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம்.

புதியது வாங்கும்போது பழையதில் என்ன மைக்ரோ ஃபாரட் போட்டிருக்கிறதோ அதே அளவு, 440 வோல்ட் ஏசி. வருவது 230 தானே, 250 வோல்ட் போதாதா என்றால் போதாது. காயிலோடு தொடரில் இருப்பதால் கண்டன்சரின் குறுக்கே சப்ளையைவிட அதிக வோல்டேஜ் நிற்கும்.

மாட்டிய பிறகு ஃபேன் எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் சப்ளை வயர் கண்டன்சரின் தப்பான முனையில் இருக்கிறது, எம்சிபியை மறுபடி இறக்கிவிட்டு மற்ற முனைக்கு மாற்றுங்கள். சரியான பக்கம் சுற்றியும் வேகம் வரவில்லையா, மெயினை அணைத்துவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் பேரிங். லேசாகச் சுற்றினால் ரெகுலேட்டரையும் வீட்டு வோல்டேஜையும் பாருங்கள். பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபேனுக்கு இது எதுவும் பொருந்தாது, அதை ஓட்டுவது எலக்ட்ரானிக் போர்டு.