வசனம் பாடமானால் போதுமா? நடிக்க வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

கோவை, ஈரோடு பக்கம் பள்ளி ஆண்டு விழா என்றால் கட்டபொம்மன் வசனம் பேச ஒரு பையனாவது வந்துவிடுவான். வரும்போதே குரலை உச்சத்துக்கு ஏற்றிவிடுவான். பாதியில் மூச்சு வாங்கும். சிவாஜி கணேசனைப் படத்தில் பார்த்து, கடைசியில் தெரிகிற கர்ஜனையை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. அந்தக் கதை நாடகமாக முதலில் மேடையேறியது நம் சேலத்தில், 1957-இல். படம் வந்தது 1959-இல். அதற்குள் எத்தனையோ இரவுகள் அந்த வசனத்தை அவர் ஜனங்கள் முன்னால் பேசிப் பழகியிருந்தார். எங்கே மூச்சு விடுவது, எங்கே தாழ்வது என்பதெல்லாம் மேடையிலேயே முடிவாகிவிட்டது.

அண்ணாவின் நாடகம் ஒன்றில் மராட்டிய மன்னர் சிவாஜி வேடத்தை எம்.ஜி.ஆர். ஏற்பதாக இருந்தது. அவர் நடிக்க முடியாமல் போக, கணேசன் அந்த நீண்ட வசனத்தை ஒரே நாளில் பாடம் செய்து நடித்துக் காட்டினார். நாடகத்தைப் பார்த்த நம் ஈரோட்டுப் பெரியார்தான் ‘சிவாஜி’ என்ற பட்டத்தைக் கொடுத்தது. இதை ஞாபகசக்திக் கதையாகவே எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சின்ன வயதிலேயே பாய்ஸ் கம்பெனி என்ற சிறுவர் நாடகக் குழுவில் சேர்ந்து, பெண் வேடம் உட்படப் பலதும் கட்டியவர் அவர். அந்த ஒரு நாளுக்குப் பின்னால் அத்தனை வருஷம் இருக்கிறது.

அடுத்த தவறு, வசனத்தை ராகத்தோடு மனப்பாடம் செய்வது. ராகம் ஒட்டிக்கொண்டால் அப்புறம் பிரிக்கவே முடியாது. எதிரில் நிற்பவர் அழுதாலும் சிரித்தாலும் வாய் அதே மெட்டில்தான் போகும். அதனால் முதலில் ஏற்ற இறக்கமே இல்லாமல், மளிகைச் சீட்டு வாசிப்பதுபோலப் பாடம் செய்யுங்கள். எதிராளியின் வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள். அவர் எப்போது முடிப்பார் என்று காத்திருப்பதும், அவர் சொல்வதைக் கேட்பதும் ஒன்றல்ல. சபைக்கு அது உடனே தெரிந்துவிடும்.

உடம்பை மறப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஒருமுறை எங்கள் நாடகத்தில் நெசவாளி வேடம் போட்ட தம்பி, வசனத்தில் ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. உட்கார்ந்து, தறியில் ஊடை நூலைக் கொண்டுபோகிற நாடா கையில் இருப்பதுபோல, அதை இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக வீசினான். ஒத்திகை பார்க்க வந்திருந்த சென்னிமலைப் பெரியவர் ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “காலு சும்மா இருக்குதே கண்ணு, துணி எப்படி வருமுங்க?” என்றார். குழித்தறியில் காலால் மிதியை அழுத்தினால்தான் பாவு, அதாவது நீளவாக்கு நூல், மேலும் கீழுமாகப் பிரிந்து நாடாவுக்கு வழிவிடும். மறுநாளே தம்பி அவர் வீட்டுக்குப் போய்த் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்தான். நான்கு நாள் போனான். திரும்பி வந்து அதே வசனத்தைப் பேசும்போது, கால் மிதிக்கிற இடத்தில் தானாகவே ஒரு சின்ன நிறுத்தம் விழுந்தது. நாங்கள் யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நேரத்துக்கு வராதது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிவாஜி கடைசிவரை படப்பிடிப்புக்கு முன்கூட்டியே வந்து, வேடத்தோடு தயாராக உட்கார்ந்திருப்பார் என்பது ஊரறிந்த விஷயம்.

சரி, வசனம் நிஜமாகவே பாடமாகிவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது? வீட்டில் யாரையாவது எதிர்முனையைப் பிடிக்கச் சொல்லி, ஒரு ஜமுக்காளத்தை மடித்துக்கொண்டே பேசிப் பாருங்கள். மடிப்பு கோணினாலோ வசனம் தடுக்கினாலோ, இன்னும் இரண்டு நாள் வேண்டும்.